வால் எங்கே? லெம்பே நீரிணையில் பாம்பு விலாங்கு தேடிய நாட்கள்

ஞாயிறு, பிட்டுங்

லெம்பேவுக்கு ஸ்கூபா டைவ் செய்ய வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ஹேரி ஃபிராக்ஃபிஷ், மிமிக் ஆக்டோபஸ், பிக்மி கடற்குதிரை என்று நீளும். என் பட்டியலில் ஒரே ஒரு குடும்பம்தான்: பாம்பு விலாங்குகள். அதிலும் குறிப்பாக முதலைப் பாம்பு விலாங்கு. அறிவியல் பெயர் பிராக்கிசோமோஃபிஸ் குரோக்கடிலைனஸ்.

ஏன் இது? இந்த மீனின் படங்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தலை மட்டும்தான் இருக்கிறது. மணலில் இருந்து ஒரு தலை நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன் இது. அந்த மீதி உடல் எங்கே, எப்படி உள்ளே போனது, வால் என்ன செய்கிறது என்று ஒரு படமும் காட்டுவதில்லை. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நம் பழமொழி சொல்கிறது. இந்த விலாங்கு யாருக்கும் வாலைக் காட்டுவதில்லை. அதைப் பார்க்கத்தான் தம்பியையும் அவனுடைய கேமராவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து நேராக மனாடோ. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு வடகிழக்கே நீட்டும் முனையில் இருக்கிற நகரம். அங்கிருந்து கிழக்கே சுங்கச் சாலையில் பிட்டுங் துறைமுகம். வழி நெடுக கிளாபாட் எரிமலை கூடவே வந்தது. 1,995 மீட்டர் உயரம், வடக்கு சுலவேசியிலேயே உயரமான மலை. பிட்டுங்குக்கு எதிரே லெம்பே தீவு. இரண்டுக்கும் நடுவில் ஓடும் ஒடுங்கிய கடல்தான் லெம்பே நீரிணை. இந்த நிலம் முழுக்க எரிமலைகள் கொட்டியது, அதனால் கடலடி மணலும் கறுப்பு. பவளத்தின் வண்ணங்களை எதிர்பார்த்து இறங்குகிறவருக்கு முதல் பார்வையில் ஒன்றுமே இல்லாத சரிவாகத்தான் தெரியும். மணலுக்குள் வாழ்கிற பிராணிக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

படகில் எங்களோடு வரப்போகும் வழிகாட்டி இந்த ஊர்க்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். படகோட்டிகள் அவரை 'ஓம்' என்று கூப்பிடுகிறார்கள். இங்கே மாமா, பெரியவர் என்ற மரியாதை அது. நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டோம். எந்த மீன் வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "தலைதானே? தினமும் பார்க்கலாம்" என்றார். வால் பார்க்க வேண்டும் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதற்குப் பொறுமை வேண்டும்" என்றார்.

திங்கள், ஹேர்பால்

ஹேர்பால் என்பது பிட்டுங் பக்கக் கரையை ஒட்டிய ஒரு டைவ் இடம். கறுப்பு மணல் மெதுவாகச் சரிந்து இறங்குகிறது. ஆங்காங்கே பாசித் திட்டுகள், ஒன்றிரண்டு கடற்பஞ்சுகள், வருத்தப்படும் அளவுக்குப் பிளாஸ்டிக். தண்ணீர் 27 டிகிரி. பார்வை பத்து மீட்டர் எட்டினால் அதிகம்.

பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது, ஓம் கையை நீட்டி நிறுத்தினார். அவர் சுட்டிய இடத்தில் நான் பார்த்தது மணல்தான். பிறகு அந்த மணலில் ஒரு வாய் மெல்லத் திறந்து மூடியது. அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணுக்குப் பிடிபட்டது.

வெளிர் நிறத் தலை, அதில் பழுப்புப் புள்ளிகள். வாய் தலையின் நீளத்தைத் தாண்டிப் பின்னால் போகிறதோ என்று தோன்றும் அளவுக்கு அகலம். கண்கள் சின்னவை. அவை இருக்கும் இடம்தான் விசித்திரம்: மற்ற விலாங்குகளைவிட மிகவும் முன்னால், மூக்கு நுனிக்குப் பக்கத்தில், மேல்நோக்கி. தலை முழுவதும் புதைந்தாலும் கண் மட்டும் வெளியே இருக்கலாம். உதடுகளின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் தோல் இழைகள். வாய் மூடியிருக்கும்போது மேல் உதட்டு இழைகளும் கீழ் உதட்டு இழைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. தலையின் மேல் கண்ணாடியாகத் தெரியும் ஒரு இறால் உட்கார்ந்து தோலைக் கிள்ளிக் கிள்ளிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அந்த வாயின் ஓரம் வரை அது நடந்து போனது. விலாங்கு அசையவில்லை.

நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாக, மணலைக் கிளப்பாமல் மிதந்துகொண்டு பார்த்தோம். வாய் திறப்பதும் மூடுவதும் சீராக நடக்கிறது. அது மூச்சு. தண்ணீரை வாயால் இழுத்து, செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஆனால் செவுள் துளைகள் மணலுக்குள் இருக்கின்றனவே, எப்படி? பாம்பு விலாங்குக் குடும்பத்தின் தனி அடையாளம் இதில்தான் இருக்கிறது. தொண்டைக்கு அடியில் மெல்லிய எலும்புக் கம்பிகள் நிறைய உண்டு. இடப்பக்கத்துக் கம்பிகளும் வலப்பக்கத்துக் கம்பிகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னலாக அமைந்திருக்கும். மணல் சுற்றிலும் அழுத்தினாலும் செவுள் அறையை அந்தப் பின்னல் தாங்கிப் பிடிக்கிறது. வேறு எந்த விலாங்குக் குடும்பத்திலும் இந்த அமைப்பு இவ்வளவு தெளிவாக இல்லை.

மூக்கும் வித்தியாசம். முன் நாசித்துளை ஒரு குட்டிக் குழாயாகக் கீழே தொங்கும். பின் நாசித்துளை மேல் உதட்டின் விளிம்பிலோ உள்பக்கத்திலோ திறக்கும். படித்துத் தெரிந்துகொண்டதுதான், ஆனால் அந்தக் குழாயை நேரில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. மாஸ்க்குக்குள் அது வசதியான விஷயம் இல்லை.

காற்று குறையும் வரை இருந்தோம். அது ஒரு விரல்கடை கூட மேலே வரவில்லை.

மாலையில் தம்பி, "அக்கா, இதுக்கா இவ்ளோ தூரம்? ஒரே ஃபிரேமை நூறு தடவை எடுத்திருக்கேன்" என்றான். ஆனால் படங்களைக் கணினியில் பெரிதாக்கி அந்த உதட்டு இழைகளை அவனே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

செவ்வாய், ஏர் பிராங்

இன்று நெப்போலியன் பாம்பு விலாங்கு. தலையில் செம்பழுப்புத் திட்டுகளும் கோடுகளும் கறுப்பு விளிம்போடு அழகாக வரைந்திருக்கும். ஆஃபிக்தஸ் போனபார்ட்டி என்று 1856இல் கௌப் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் பெயரிட்டார். பெயர் பேரரசரைக் குறிப்பதில்லை, அவருடைய தம்பி மகனும் விலங்கியலாளருமான சார்ல்ஸ் லூசியன் போனபார்ட்டைக் குறிக்கிறது. அழகான மீன். தலை மட்டும்தான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எங்களுக்குச் சற்றுத் தள்ளி வேறொரு குழு. அவர்களுடைய வழிகாட்டி கையிலிருந்த உலோகக் குச்சியால் ஒரு விலாங்கின் தலைக்குப் பக்கத்தில் மணலைக் குத்திக் கிளறினார். வெளியே வரவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். விலாங்கு வெளியே வரவில்லை, உள்ளே போய்விட்டது. தலை இருந்த இடத்தில் ஒரு குழி. இரண்டு நொடியில் அதுவும் சரிந்து மூடியது. அந்தக் குச்சி ஓட்டத்தில் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளவும், எதையும் தொடாமல் சுட்டிக்காட்டவும் கொடுக்கப்படுவது. ஒரு பிராணி நாள் முழுக்க அசையாமல் காத்திருந்து இரை பிடிக்கிறது என்றால் அந்தக் காத்திருப்பைக் குலைப்பது அதன் சாப்பாட்டைப் பிடுங்குவது. எனக்கு அதில் இரண்டு கருத்து கிடையாது. வால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு யாரைவிடவும் அதிகம், ஆனால் அது தானாக வந்தால் பார்ப்போம் என்று ஓமிடம் சொன்னேன். அவர் தன் குச்சியைப் படகிலேயே வைத்துவிட்டு வருகிறவர். தலையாட்டினார்.

புதன், நீரிணையின் வடக்கு வாய்

பகலில் மழை. இரவில் 'பிளாக்வாட்டர்' டைவ் போனோம். அதாவது ஆழமான இடத்தில் படகிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் விளக்குகள் கட்டி, அடித்தளமே தெரியாத இருட்டுக் கடலில் அந்த வெளிச்சத்தைச் சுற்றி மிதப்பது. ஆழத்திலிருந்து இரவில் மேலே ஏறி வரும் மிதவை உயிர்கள் விளக்குக்கு வரும். தரை என்று ஒன்று கீழே இல்லாதபோது மனம் கொஞ்சம் தடுமாறும், கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும்.

இந்த டைவில் பாம்பு விலாங்குக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதன் குழந்தைப் பருவம் இங்கேதான். விலாங்குகளின் லார்வாவுக்கு லெப்டோசெஃபாலஸ் என்று பெயர். இலை வடிவம், இருபக்கமும் தட்டை, முழுக்க ஒளி ஊடுருவும் உடல். சிவப்பணுக்கள் கூட அந்தப் பருவத்தில் இல்லை, அதனால் இரத்தத்துக்கும் நிறமில்லை. பார்க்கும்போது இரண்டு கறுப்புக் கண்கள் மட்டும் நீந்துவதாகத் தோன்றும். இவை விலாங்கின் பிள்ளைகள் என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. தனி மீன் இனம் என்றே நினைத்துப் பெயர் வைத்திருந்தார்கள். 1890களில் சிசிலியின் மெசினா நீரிணைப் பகுதியில் கிராஸி, கலாண்ட்ருச்சியோ என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் லார்வாவைத் தொட்டியில் வைத்து அது விலாங்காக மாறுவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

எங்கள் விளக்குக்கு அப்படி ஒன்று வந்தது. என் கை நீளத்தில் பாதி கூட இல்லை. அலை அலையாக நெளிந்து, வெளிச்சத்தின் ஓரத்தில் வட்டமிட்டது. தம்பி எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் குடல் நேர்க்கோடாக இல்லை. வரிசையாகப் புடைத்து வளைந்து போகிறது, அந்த வளைவுகளில் நிறப்புள்ளிகள் இருக்கின்றன. பாம்பு விலாங்குக் குடும்பத்து லார்வாக்களுக்கு இந்தக் குடல் வளைவுகள்தான் அடையாளம். அஞ்சாளை என்ற வேறு குடும்பத்து விலாங்கின் லார்வாவுக்குக் குடல் இப்படி இருக்காது. எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்லவே முடியாது, குடும்பம் மட்டும் உறுதி.

உருமாறும்போது இது நீளத்தில் சுருங்கும். இலை உருண்டு குழாயாகும். அப்புறம் அடித்தளத்துக்குப் போய் மணலுக்குள் நுழையும். கடலிலேயே ஒளிவதற்கு இடமில்லாத பகுதி திறந்த நடுக்கடல். அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக உடல் முழுவதையும் நிறமற்றதாக்கி வைத்திருக்கும் ஒரு பிராணி, வளர்ந்த பின் மீண்டும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேறொரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இரண்டு வாழ்க்கையிலும் நமக்குத் தெரிவது கண்கள்தான். இன்று தூக்கம் வராது என்று நினைக்கிறேன்.

வியாழன், லெம்பே தீவின் பக்கம்

தம்பி தண்ணீருக்கடியில் என் காலைப் பிடித்து இழுத்தான். கையை நெளித்து 'பாம்பு' என்று காட்டினான்.

விடிந்து சற்று நேரத்திலேயே இறங்கியிருந்தோம். இந்தப் பக்கத்தில் பவளத் துண்டுகள் கலந்த வெளிர் மணல், இடையிடையே கடற்புல். ஆறு மீட்டர் ஆழம் இருக்கும். அந்த மணலின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்று நெளிந்து போய்க்கொண்டிருந்தது. பட்டைப் பாம்பு விலாங்கு! மைரிக்திஸ் கொலுப்ரைனஸ். முழு உடலோடு, பட்டப்பகலில்.

தம்பி அதைக் கடற்பாம்பு என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. இதே கடலில் லாட்டிக்காடா கொலுப்ரைனா என்ற பட்டைக் கடற்பாம்பு இருக்கிறது. கடும் விஷம் உள்ளது. அதைப் பார்த்து விலகுகிற பெரிய மீன்கள் இந்த விலாங்கையும் பார்த்து விலகும், அந்தப் பாதுகாப்புக்காகவே இதற்கு இந்த வேஷம் என்று கருதுகிறார்கள். இந்த விலாங்கிடம் விஷம் எதுவும் இல்லை. பகலிலேயே திறந்த மணலில் உலாவும் துணிச்சல் மற்றப் பாம்பு விலாங்குகள் பலவற்றுக்கு இல்லாமல் இதற்கு இருப்பதைப் பார்த்தால், அந்தக் கருத்து சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினம் இல்லை. வாலைப் பாருங்கள். கடற்பாம்பின் வால் நீந்துவதற்கு வசதியாகத் துடுப்பு வடிவில் தட்டையாக இருக்கும். விலாங்கின் வால் கூர்மையாக முடியும். பாம்புக்குச் செதில் உண்டு, இதற்கு இல்லை. இதன் முதுகு நெடுக ஒரு தாழ்ந்த துடுப்பு ஓடுகிறது, தலைக்குப் பின்னால் மிகச் சின்னதாக இரண்டு மார்புத் துடுப்புகள், நெருங்கினால் மூக்குக் குழாய்கள். பாம்பு மூச்சு விட மேலே போயாக வேண்டும், முட்டையிட நிலத்துக்கே ஏற வேண்டும். இது மீன், அந்தக் கவலையே கிடையாது.

அது எங்களைப் பொருட்படுத்தவில்லை. மணலில் இருந்த ஒவ்வொரு துளையிலும் மூக்கை நுழைத்து மோப்பம் பார்த்தது. ஒரு துளையில் தலை முழுவதும் போய், உடல் ஒரு முறுக்கு முறுக்கி, ஏதோ ஒன்றை மென்றபடி வெளியே வந்தது. மைரிக்திஸ் வகைகளுக்குப் பற்கள் மழுங்கலானவை, நண்டு இறால்களின் ஓட்டை நொறுக்கத் தோதானவை. முதலைப் பாம்பு விலாங்குக்கோ நீண்ட கூர்ப்பற்கள், வழுக்கும் மீனையும் ஆக்டோபஸையும் நழுவவிடாமல் பிடிக்க. ஒரே குடும்பம், ஆனால் ஒன்று அலைந்து தேடுகிறது, மற்றது உட்கார்ந்து காத்திருக்கிறது.

நாங்கள் கூடவே மெதுவாக நீந்தினோம். நெருங்க வேண்டாம் என்று ஓம் கையமர்த்திக்கொண்டே வந்தார். கடற்புல் முடியும் இடத்தில் ஒரு வெறும் மணல் திட்டு. அங்கே போய் விலாங்கு நின்றது. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. அப்புறம் பின்வாங்கத் தொடங்கியது.

நான் இதற்காகத்தான் வந்தேன். வால் நுனி மணலைத் தொட்டது. தொட்டதும் அங்கேயே இறங்கியது. தோண்டவில்லை, மணலை வாரி ஒதுக்கவில்லை. சாக்குப் பையில் கோணி ஊசி இறங்குவதைப் போல நேராக, தயங்காமல் உள்ளே போயிற்று. பட்டை பட்டையாக உடல் குறைந்துகொண்டே வந்தது. மேலே புழுதி எழவே இல்லை. பாதி உடல் போனதும் ஒரு நிமிடம் நின்றது. தலை எங்களைப் பார்த்தே இருந்தது. பிறகு மீதியும் சறுக்கியது. கடைசியில் கண் வரைக்கும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒருமுறை வாய் திறந்து மூடியது.

நான் வாயில் கவ்வியிருந்த மூச்சுக் கருவியான ரெகுலேட்டருக்குள்ளேயே கத்திவிட்டேன். ஓம் திரும்பிப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். தம்பியின் கேமரா மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவாகியிருக்கிறது.

வெள்ளி, மீண்டும் ஹேர்பால்

அந்தி நேரம். திங்கட்கிழமை பார்த்த அதே இடத்துக்குப் பக்கத்தில் முதலைப் பாம்பு விலாங்கு ஒன்று. அதே மீன்தானா என்று சொல்ல முடியாது, தலைப் புள்ளிகளைப் படத்தோடு ஒப்பிட்டால் வேறு ஒன்று என்றே தோன்றுகிறது. விளக்கைச் சிவப்பு வெளிச்சத்துக்கு மாற்றிக்கொண்டு தள்ளி நின்றோம்.

இருட்டத் தொடங்கியதும் சின்ன மீன்கள் மணலை ஒட்டித் தாழ்ந்து வந்தன. ஒரு கார்டினல் மீன் அந்தத் தலையின் மேலாகவே மிதந்தது. விலாங்கு மணலிலிருந்து எழுந்ததையோ வாய் திறந்ததையோ நான் பார்க்கவில்லை. ஒரு மணல் மேகம் மட்டும். அது அடங்கியபோது தலை பழைய இடத்தில், பழைய சாய்வில் இருந்தது. கார்டினல் மீன் இல்லை. வீடியோவில் பார்த்தால் உடலில் கால்வாசியாவது வெளியே வந்து திரும்பியிருக்கிறது, எல்லாம் ஒரு நொடிக்குள். திரும்பிப் போனதும் பின்பக்கமாகத்தான். வால் உள்ளேயே இறுகப் பிடித்திருந்ததால்தான் அவ்வளவு வேகமாகத் திரும்ப முடிகிறது. இதை இன்றுதான் புரிந்துகொண்டேன்: அந்த வால் தோண்டுகிற கருவி மட்டும் இல்லை, நங்கூரமும் அதுதான்.

இந்த மீனை முதன்முதலில் விவரித்தவர் எட்வர்ட் டர்னர் பென்னட், 1833இல், மொரிஷியஸிலிருந்து போன மாதிரியை வைத்து. இதற்கு நெருங்கிய இன்னொரு இனத்தை, பிராக்கிசோமோஃபிஸ் சிர்ரோகைலோஸை, 1857இல் விவரித்தவர் பீட்டர் பிளேக்கர். டச்சுப் படையில் மருத்துவராக 1842இல் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு வந்தவர். 1860 வரை இருந்தார். இந்தத் தீவுகளின் மீன்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தவர். மீன் சந்தைகளிலிருந்தும் பல தீவுகளிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்த, சாராயத்தில் மீன் ஊறிய குப்பிகளிலிருந்தும் செய்த வேலை அது. யோசித்துப் பாருங்கள்: எங்களுக்குத் தலை மட்டும் தெரிகிறது, உடல் தெரியவில்லை. அவர்களுக்கு முழு உடலும் மேசைமேல் கிடந்தது, முதுகெலும்புகளையும் பற்களையும் எண்ணினார்கள், ஆனால் அது மணலில் நிற்கிற கோலத்தை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் வந்தவர்களில் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஜான் மெக்காஸ்கர் முக்கியமானவர். 1977இல் இந்தக் குடும்பத்தின் எலும்பு அமைப்பை வைத்து வகைப்பாட்டைத் திருத்தி எழுதினார். 2001இல் ஜான் ராண்டலோடு சேர்ந்து இந்த முதலை வகைப் பேரினத்தையே மறு ஆய்வு செய்தார். இப்போது குடும்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். புதியவை இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன.

சனி, கரையில்

நாளை விமானம். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரமாவது விட வேண்டும், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற. அதனால் இன்று தண்ணீர் இல்லை. காலையிலிருந்து தம்பியும் நானும் வியாழக்கிழமை வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஓமும் வந்து உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருடம் பார்த்ததை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது அவருக்கும் இதுதான் முதல் தடவையாம்.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். வால் நுனியில் துடுப்பு இல்லை. முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது மொட்டையான, கெட்டியான ஒரு கூர்முனை. பாம்பு விலாங்குகளின் பெரிய துணைக்குடும்பத்துக்கே பொதுவான அடையாளம் இது. இவற்றின் உறவான புழு விலாங்குகளுக்கு வால் துடுப்பு உண்டு. நம் கழிமுகங்களிலும் இருக்கும் பிசோடோனோஃபிஸ் போரோ என்ற பாம்பு விலாங்கின் வாலை அறுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மற்ற மீன்களில் வால் துடுப்பை விரித்துப் பிடிக்கும் எலும்புகள் அதில் குறுகி, ஒன்றோடொன்று இணைந்து, விறைப்பான ஒரே முனையாகியிருக்கின்றன.

அந்த முனை மணலுக்குள் இறங்கியதும் உடலில் ஒரு அலை ஓடுகிறது. கவனித்தால் இந்த அலை தலைப்பக்கம் நோக்கி வருகிறது. முன்னோக்கி நீந்தும்போது அலை தலையிலிருந்து வாலுக்குப் போகும். இங்கே அதே தசை, அதே நெளிவு, திசை மட்டும் தலைகீழ். செதில் இல்லாத வழவழப்பான தோல் என்பதால் மணல் எங்கும் பிடிக்கவில்லை. பாதியில் நின்றது என்று எழுதினேன் அல்லவா? வீடியோவில் நேரம் பார்த்தால் நான்கு நொடிதான். எனக்கு ஒரு நிமிடமாகத் தோன்றியிருக்கிறது. அந்த நான்கு நொடியில் மணலுக்கு மேலே இருக்கும் உடலில் அசைவே இல்லை, ஆனால் சுற்றியிருக்கும் மணல் மட்டும் லேசாக எழுந்து அமர்கிறது. உள்ளே உடல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"உள்ளே நேரா போகுதா, வளைஞ்சு போகுதா?" என்று தம்பி கேட்டான். கேமராவால் பதில் சொல்ல முடியாத கேள்வி. மேலே தலை சாய்வாக நிற்பதால் உடலும் சாய்வாகத்தான் இறங்குகிறது என்று ஓம் நினைக்கிறார். ஒருமுறை புயலுக்குப் பின் ஒரு சரிவே இடிந்து விழுந்ததில், மணலுக்குள் படுக்கைவாட்டில் ஒன்று கிடந்ததைப் பார்த்திருக்கிறாராம்.

இந்த வாலின் வலிமை பற்றி இன்னொரு விஷயம். ஆஸ்திரேலியக் கடலில் பிடித்த பெரிய மீன்களை அறுத்தபோது, இரைப்பைக்கு வெளியே, வயிற்றுக் குழிக்குள் சுருண்டு காய்ந்துபோன பாம்பு விலாங்குகள் கிடைத்திருக்கின்றன. உயிரோடு விழுங்கப்பட்ட விலாங்கு, தப்பிக்கத் தெரிந்த ஒரே வழியில், வாலால் இரைப்பைச் சுவரைத் துளைத்துப் பின்வாங்கியிருக்கிறது. மணல் என்று நினைத்ததா, வலியில் முறுக்கியதா, யாரால் சொல்ல முடியும். வெளியே வந்த இடமும் இன்னொரு அடைப்பு. விழுங்கிய மீனோ அதைச் சுமந்துகொண்டே வாழ்ந்திருக்கிறது. ஓமிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். பிறகு, பெரிய களவா மீன் ஒன்றை வெட்டும்போது அவருடைய அப்பாவும் அப்படி ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். அதைப் பாம்பு என்று நினைத்து அன்று வீட்டில் யாரும் அந்த மீனைத் தொடவில்லையாம்.

முதலைப் பாம்பு விலாங்கின் வாலை நான் பார்க்கவில்லை. பார்த்தது அதன் உறவினத்தின் வாலை. அதுவும் இதே வேலையை இதே கருவியால் செய்கிறது என்பதால் எனக்கு மனநிறைவுதான், ஆனால் திரும்ப வருவேன். ஓம் அடுத்த முறை ஹேர்பாலில் நள்ளிரவுக்குப் பின் இறங்கலாம் என்கிறார். தலை இருந்த இடங்கள் அந்த நேரத்தில் சில சமயம் காலியாக இருக்குமாம். அப்படியென்றால் அவை வெளியே எங்கோ திரிகின்றன.

வீடியோவை வெட்டித் திருத்தித் தம்பி அடுத்த வாரம் ஏற்றுவான். புதன்கிழமை பகல் மழைக்குள் பக்கத்துத் தாங்கோகோ காட்டில் தார்சியர் என்ற பெரிய கண் குட்டிப் பிராணியைப் பார்த்த கதையைத் தனியாக எழுதுகிறேன்.